இடமாற்றத்தோடு போய்விடும் தயார்நிலை

போன கிழமை வன்னியில் இருக்கிற எங்கள் வைத்தியசாலை விடுதியில் ஒரு சின்னப் பயிற்சி வைத்தேன். இந்த வருட இடமாற்றத்தில் வந்த மூன்று தாதியரும், இங்கேயே இருக்கிற இரண்டு சிற்றூழியரும். ஐந்து பேரும் அங்கி, கண்ணாடி, முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டார்கள். கிருமிக்குப் பதிலாக மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துக் கையுறைகளிலும் அங்கியின் முன்பக்கத்திலும் பூசிவிட்டு, "சரி, இப்ப எல்லாத்தையும் கழட்டுங்கோ" என்றேன்.

கழற்றி முடித்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். ஒருவருக்குக் கழுத்தில் மஞ்சள். இன்னொருவருக்கு மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும். ஒரு தங்கச்சிக்கு மூக்கு நுனியிலேயே. பாவம், முகம் செத்துப்போனது அவளுக்கு. நன்றாகப் படித்த பிள்ளை அவள், ஒழுங்குமுறையை எழுதச் சொன்னால் ஒரு பிழையில்லாமல் எழுதுவாள். ஆனால் கைக்கு அது பழக்கமில்லை.

ஒரு பொட்டு மஞ்சள்கூடப் படாமல் கழற்றியவர் ஒருவர்தான். எங்கள் சிற்றூழியர் அக்கா. முதலில் கையுறை. பிறகு அங்கியை உட்பக்கம் வெளியே வர உருட்டி எடுத்தார். பிறகு கண்ணாடி, பின்பக்கத்தில் பிடித்து. முகக்கவசம் கடைசி, அதுவும் நாடாவில் மட்டும் கை வைத்து. ஒவ்வொன்றுக்கும் இடையில் கையைச் சுத்தம் செய்தார். ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்த அக்கா 2020இல் என்னோடு நின்றவர். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது, 20ஆம் திகதி மாலை நாடு முழுக்க ஊரடங்கு. பம்பைமடுவிலும் கேப்பாப்பிலவிலும் தனிமைப்படுத்தல் முகாம்கள். அந்த நேரம் நாங்கள் மாதிரி எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை நோயாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றோம். அங்கி போதாமல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்த நாட்களும் உண்டு. பங்குனி வெயிலில் அதற்குள் நின்றவர்களுக்குத் தெரியும் அது என்னவென்று. அக்கா அப்போது சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "மிஸ், போடுறதுக்குப் பயமில்லை. கழட்டேக்கதான் கை நடுங்குது. வீட்டில அம்மா இருக்கிறா."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் வந்தபோது உலகம் முழுவதும் 8,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சுகாதாரப் பணியாளர். நோயைப் பிடித்து நிறுத்தவேண்டிய இடத்திலிருந்தே நோய் வெளியே போனது.

என் மனதை அரிக்கிற விசயம் இதுதான். 2020இலும் 2021இலும் பயிற்சி பெற்ற வைத்தியர்களும் தாதியர்களும் இன்று எங்கே? வன்னி கஷ்டப் பிரதேசம். சில வருடம் நின்றுவிட்டு இடமாற்றம் எடுத்துப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். கைக்குழந்தையை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு விடியக்காலை பஸ் ஏறி வந்தவர்களை எனக்குத் தெரியும். 2022 பொருளாதார நெருக்கடியோடு நாட்டை விட்டே போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் போகும்போது பழகிய கையும் கூடவே போய்விடுகிறது. புதிதாக வருபவருக்கு நாங்கள் கொடுப்பது ஒரு சுற்றுநிருபம், சுவரில் ஒட்டிய ஒரு படம்.

போகாமல் இருப்பவர்கள் யார்? இந்த ஊர்ச் சிற்றூழியர்கள், சுத்திகரிப்புப் பணியாளர்கள், அம்புலன்ஸ் சாரதிகள். வாந்தியைத் துடைப்பதும், படுக்கை விரிப்பை அள்ளுவதும், இறந்தவரின் உடலைச் சுற்றுவதும் இவர்கள்தான். ஆனால் பயிற்சிப் பட்டறை என்று கடிதம் வந்தால் அதில் இவர்களுடைய பெயர் இருப்பதில்லை. சுத்திகரிப்பு வேலை ஒப்பந்தக்காரரிடம் இருக்கிற இடங்களில் நிலைமை இன்னும் மோசம். இன்று வந்தவர் அடுத்த மாதம் இருப்பாரா தெரியாது.

வன்னிக்கு இது புதிய பாடமும் இல்லை. மலேரியா எங்களை எப்படி ஆட்டியது என்று அம்மம்மாக்களைக் கேளுங்கள். வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்தவர்களும், மருந்து அடித்தவர்களும் யுத்தத்துக்கு நடுவிலும் அந்த வேலையைச் செய்தார்கள். 2012க்குப் பிறகு உள்ளூரில் பரவிய மலேரியா இல்லை என்று உறுதிப்படுத்தி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. பெரிய கட்டடத்தாலா அது நடந்தது? ஊர் தெரிந்த, ஒழுங்கை தெரிந்த மனிதர்கள் செய்த வேலை அது.

களஞ்சியத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நாங்கள் திறந்தபோது ஒரு பெட்டி என்95 கவசத்தில் பாதிக்கு மேல் இழுபட்டி இற்றுப்போயிருந்தது. இழுத்தவுடன் அறுந்து கையில் வந்தது. கணக்குப் புத்தகத்தில் அவை எல்லாம் "கையிருப்பு".

ஆகவே நான் கேட்பது பெரிய நிதி இல்லை. மாதம் ஒருமுறை, அரை மணித்தியாலம், எல்லோரும் சேர்ந்து போட்டுக் கழற்றிப் பழகவேண்டும். வைத்தியர், தாதி, சாரதி, சுத்திகரிப்பவர் ஒரே வரிசையில். இடமாற்றத்தில் வருபவர் முதல் கிழமையிலேயே அதைச் செய்யவேண்டும். ஊரில் நிலையாக இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் அவர்களிடம் எழுத்தில் கொடுக்கவேண்டும். எழுத்தில் இல்லாவிட்டால், பிழையாகக் கழற்றுகிற ஒரு வைத்தியரை எந்தச் சிற்றூழியர் நிறுத்துவார்?

அன்று அக்காவிடம் புதியவர்களுக்குச் செய்து காட்டச் சொன்னேன். "நான் எப்பிடி மிஸ் அவைக்குச் சொல்லுறது?" என்று பின்னால் போய் நின்றார். மூக்கில் மஞ்சளோடு நின்ற அந்தத் தங்கச்சிதான் அவருடைய கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டி வந்தாள். "சொல்லுங்கோ அக்கா, முதல்ல இருந்து சொல்லுங்கோ."