வண்டி தேடி வரும் பெட்ரோல்

கார் நிற்கும் இடத்துக்கே வந்து பெட்ரோல் ஊற்றிவிட்டுப் போகும் வண்டிகளை அனுமதிக்கச் சட்டம் வேண்டும் என்று அமெரிக்காவில் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்று மறித்து நிற்பவர்கள் அங்குள்ள சிறிய பெட்ரோல் நிலையக்காரர்கள். நண்பர் ஒருவர் இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "பொழப்பு போயிடும்னு பயம், வேற என்ன?" என்று சிரித்திருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த ஏழெட்டு மாதம் நான் ஒரு பெட்ரோல் கியோஸ்க்கில் இரவு ஷிஃப்ட் பார்த்தவன்.

பிழைப்புக்காகத்தான் எதிர்க்கிறார்கள். அதில் என்ன தப்பு? பெட்ரோலில் மிஞ்சுவது சொற்பம். விடியற்காலை மூன்று மணிக்கு டாக்சி அண்ணன்மார் வருவார்கள். டேங்க் நிரம்புவதற்குள் உள்ளே வந்து காப்பியும் ரொட்டியும் வாங்குவார்கள். காலையில் முதலாளி வந்ததும் முதலில் பார்ப்பது கடைக் கணக்கைத்தான். பெட்ரோல் வீட்டுக்கே போனால் அந்தக் காப்பியும் கூடவே போய்விடும். அமெரிக்காவில் இப்படிக் கடையோடு பெட்ரோல் விற்பவர்களில் பாதிக்கு மேல் ஒற்றைக் கடைக்காரர்கள். பெரிய நிறுவனம் தானே நாலு வண்டி வாங்கி ஓட்டிக்கொள்ளும். இவர்கள் எங்கே போவார்கள்?

ஆனால் வெளியே அவர்கள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, ஏனென்றால் இந்தக் காரணம் ஏற்கெனவே ஒருமுறை விலைபோயிருக்கிறது. 1949ல் நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் ஒருவர் 24 பம்ப் வைத்து, வாடிக்கையாளரே ஊற்றிக்கொள்ளட்டும் என்று கேலனுக்கு 3 காசு குறைத்து விற்றார். கூட்டம் அள்ளியது. மற்ற நிலையக்காரர்கள் சட்டமன்றத்தைப் பிடித்தார்கள். தீ ஆபத்து என்று சொல்லி அதே ஆண்டு தடைச் சட்டம் வந்துவிட்டது. இன்றும் அந்த மாநிலத்தில் உங்கள் காருக்கு நீங்களே பெட்ரோல் ஊற்ற முடியாது!

அதற்காக இந்த முறையும் பாதுகாப்பு என்பது வெறும் சாக்கு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. நடுராத்திரி டேங்கர் லாரி வந்து சரக்கு இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுற்றிலும் கோன் வைப்பார்கள். தீயணைப்புக் குடுவை இரண்டு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். எர்த் வயரை மாட்டிய பிறகுதான் ஹோஸைத் தொடுவார்கள். மூடியைத் திறந்ததும் விளக்கு வெளிச்சத்தில் காற்று நெளியும். அது பெட்ரோல் ஆவி. காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். மைனஸ் 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். டீசலுக்கு 50 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நம் கட்டுமானத் தளங்களுக்கு டீசல் லாரி சாதாரணமாகப் போய் வருவதும், இந்தியாவில் 2018ல் எண்ணெய் நிறுவனங்கள் டீசலை மட்டும் வாசலுக்குக் கொண்டுபோகத் தொடங்கியதும் இதனால்தான்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் தீத்தடுப்பு விதித்தொகுப்பின் 2018 பதிப்பு இந்த வண்டிகளுக்கென்றே விதி சேர்த்தது. பொதுச் சாலையில் ஊற்றக்கூடாது, கட்டடத்துக்குள் கூடாது, அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடியிலும் கூடாது. இதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எந்த வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பேட்டையில் அந்த வண்டி நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கருத்து இதுதான். வண்டியைத் தடை செய்ய வேண்டாம். ஆனால் தரைக்கடியில் தொட்டி புதைத்து, கசிகிறதா என்று கணக்குப் பார்த்து, உரிமமும் காப்புறுதியும் கட்டி அழுபவனுக்கு இருக்கும் அத்தனை சுமையும் வண்டிக்காரன் தலையிலும் ஏற வேண்டும். அதன்பிறகும் மலிவாகக் கொடுக்க முடிந்தால் கொடுக்கட்டும்.

"சந்தையை அதன்போக்கில் விடணும்" என்று அதே குழுவில் இன்னொருவர் பாடம் நடத்தினார். சார், அக்கரையில் மலிவாக ஊற்றிக்கொண்டு வந்துவிடக் கூடாதென்று, 1991லிருந்து முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி மலேசியாவுக்குள் போக முடியாத ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறீர்கள். போன மாதம் பாதி டேங்க்கோடு போய்த் திருப்பி அனுப்பப்பட்டு, பிள்ளைகளை வைத்துக்கொண்டு கியோஸ்க் தேடி அலைந்தது நீங்கள்தானே?