அடுத்த வீட்டுப் பிள்ளையை அழையும், ஆண்டவரே!

பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு நல்லாயன் ஞாயிறு. 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கிவைத்த கடவுள் தம் பணிக்கு மனிதரை அழைக்கிற இறை அழைத்தலுக்கான செபநாள். அன்று பாளையங்கோட்டையானாலும் கடற்கரைப் பங்கானாலும் விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வரி தவறாமல் வரும்: அறுவடை மிகுதி, வேலையாள்கள் குறைவு, எங்களுக்கு நல்ல குருக்களையும் கன்னியரையும் தாரும். கோயிலே அதிர மறுமொழி சொல்கிறோம். பூசை முடிந்ததும் வாசலில் நிற்கிற ஒரு தாயிடம், "ஒங்க பையன் பீடத்துல எவ்வளவு பக்தியா நிக்கான்! குருமடத்துக்கு அனுப்பலாம்லா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒத்தப் பிள்ளைல்லா... வேற யாரையாவது பாருங்க" என்றுதான் பதில் வரும்.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஆறு ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒருவன் குருமடத்துக்கும் ஒருத்தி மடத்துக்கும் போனார்கள். அது குடும்பத்துக்குப் பெருமை. படிப்புக்கு வழியாகவும் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். பெண்பிள்ளை மேலே படிக்கவும் சொந்தக் காலில் நிற்கவும் கன்னியர் மடம் ஒன்றுதான் வழி என்றிருந்த ஊர்கள் நம்மிடம் எத்தனையோ. இன்று அதே ஊர்ப் பிள்ளை நர்சிங் படித்து வெளிநாடு போகிறாள், வங்கித் தேர்வு எழுதுகிறாள். நல்லதுதான். இனி யாரும் படிப்புக்காக மடத்துக்குப் போக வேண்டியதில்லை. போகிறவள் கிறிஸ்துவுக்காக மட்டுமே போவாள். அப்படி ஒருத்திக்குத் தோன்ற வேண்டுமானால், பங்கு வாழ்க்கையில் அவள் கண்ணில் கிறிஸ்து படவேண்டும். நம்மிடம் என்ன படுகிறது?

புதுச் சாமியார் வருகிறார் என்றதும் நம்மில் எத்தனை பேர் கேட்கும் முதல் கேள்வி, "நம்ம ஆளா?" என்பது. வீட்டில் பெரியவர்கள் இதைக் கேட்பதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அந்தப் பீடச் சிறுவன் வளர்கிறான். நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தின் கதை நமக்குத் தெரியாததா? ஒரே பீடம், சாதிக்கு ஒரு பக்கம், நடுவே சுவர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயில் எழும்பியது. 1910 வாக்கில் அந்தச் சுவரை இடித்தபோது, அதைத் திரும்பக் கட்டித் தரச்சொல்லி நம் கத்தோலிக்கர்களே வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். சுவர் விழுந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டது. ஆனாலும் சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்று இன்னமும் வழக்காடுகிற ஊர்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு நல்ல பையன் "நான் எல்லோருக்கும் சாமியாராக வேண்டும்" என்று ஆசைப்பட்டால், அதைக் கடவுள் செய்த அற்புதம் என்றுதான் சொல்வேன். ஊருக்கு அதில் பங்கில்லை.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745 மே 14 அன்று நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார். சாதி பாராமல் எல்லோரோடும் உட்கார்ந்து உண்ட மனிதர். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம் பக்கத்தில் வெடி வெடிக்காத பங்கு உண்டா? அவர் குரு இல்லை, துறவி இல்லை. பெண்டாட்டியோடு வாழ்ந்த அரண்மனை அலுவலர். இந்திய மண்ணின் முதல் பொதுநிலைப் புனிதர். அவருக்கு வந்ததும் இறை அழைத்தல்தானே? பிறகு ஏன் அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குக் குருமடத்து வாசல் மட்டும் நினைவுக்கு வருகிறது?

நம் பக்கத்து விசுவாசம் குருக்களால் மட்டும் நின்றதில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தமிழ் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அவர் அடுத்த ஊருக்குப் போனபின் அந்தச் செபங்களைச் சொல்லித் தந்தவர்கள், ஒவ்வொரு ஊரிலும் அவர் நியமித்துவிட்டுப் போன கணக்கப்பிள்ளைகள், அதாவது குருக்கள் அல்லாத உபதேசியார்கள். 1773-இல் சவேரியாரின் இயேசு சபையே கலைக்கப்பட்டு, அவர்கள் 1830-களில் திரும்பி வரும்வரை, விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்கள்தான் இந்தப் பரந்த நாட்டுக்கு. அந்த அறுபது வருடத்தில் பல ஊர்கள் பூசை காண்பதே அரிது. உபதேசியார்தான் சாயங்காலச் செபம் நடத்தினார், சாகக் கிடந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார், அடக்கத்துக்கு முன்னால் நின்று செபம் சொன்னார். நம் முப்பாட்டன்மார் கிறிஸ்தவர்களாக மிஞ்சியது அவர்களால்.

இப்போது எத்தனை பங்குகளில் உபதேசியார் இருக்கிறார்? கோயில்பிள்ளை இருக்கிறார், மணி அடிக்கவும் விளக்கு ஏற்றவும். மற்ற எல்லாம் சாமியார் தலையில். பள்ளிக்கூடத் தாளாளர் அவர், கட்டட வேலைக்குக் கணக்குப் பார்ப்பது அவர், கிளைக் கிராமங்களுக்குப் பைக்கில் ஓடுவது அவர். நோயாளியின் கையைப் பிடித்து உட்கார நேரமில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க நேரமில்லை. பந்தி விசாரிப்பதற்கென ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, செபத்திலும் வார்த்தைப் பணியிலும் நிலைத்திருக்கிறோம் என்று திருத்தூதர்கள் சொன்னது திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. சாமியாரைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற பையன் இந்த ஓட்டத்தைப் பார்த்து, "இதுக்கு ஒரு கம்பெனி மேனேஜரா போயிரலாமே" என்று நினைத்தால் தப்பா?

2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர் பணியை, ஆண் பெண் இருபாலரும் ஏற்கக்கூடிய நிலையான திருப்பணியாகவே ஏற்படுத்திவிட்டார். நம் பாட்டன் காலத்து உபதேசியாருக்கு உரோமையே கொடுத்த மரியாதை என்று நான் அதைப் பார்க்கிறேன். இறை அழைத்தலை வளர்க்கிற பொறுப்பு கிறிஸ்தவச் சமூகம் முழுவதற்கும் உண்டு என்று திருச்சபைச் சட்டம் 233 சொல்கிறது. பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு குடும்பத் தலைவரோ ஆசிரியையோ வேதத்தை விரித்துப் பேசட்டும், நோயாளிக்கு நற்கருணை கொண்டு போகட்டும். கடவுளுக்காக ஒரு வாழ்க்கையைக் கொடுக்கலாம் என்பதை நம் பிள்ளைகள் முதலில் நம் தெருவிலேயே பார்க்கட்டும். குருமடத்துக்கான ஆசை அங்கிருந்துதான் முளைக்கும்.

"உபதேசியாருக்கு யார் சம்பளம் கொடுப்பது?" என்று உடனே கேட்பார்கள். சவேரியாரும் இந்தக் கேள்வியைச் சந்தித்தார். போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து போன வரிப்பணத்தைத் தன் உபதேசியார்களுக்குத் தரும்படி கேட்டு வாங்கினார். நம்மிடம் அரசி இல்லை. தலைக்கட்டு வரி இருக்கிறது. பத்தாம் திருவிழா வாணவேடிக்கைக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் ஒரே ராத்திரியில் நாம் கரைக்கிற காசில் ஒருவருக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்கலாம். எங்கள் ஊரில் அடுத்த கொடியேற்றத்துக்கு வரி முடிவு பண்ணக் கூட்டம் கூடும்போது, வாணவேடிக்கைக்கு முன்னால் உபதேசியார் சம்பளத்தை எழுதுங்கள் என்று எழுந்து நின்று கேட்கப் போகிறேன். உங்கள் ஊர்க் கூட்டத்திலும் ஒருவர் கேளுங்கள்.