நாலு வருஷம் படித்தே ஆகவேண்டுமா?

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: “கேரளாவில் இனி நாலு வருஷம் படித்தால்தான் டிகிரி. மூணில் நின்றால் டிப்ளமோதான். அதிலும் கணக்கு படிக்கும் பிள்ளை பொருளாதாரம் எடுத்தால் கணக்கு டிகிரியே போச்சு.”

மூன்றுமே தவறு. கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய நாலாண்டுப் பட்டத் திட்டத்தில் மூன்றாம் ஆண்டு முடிவில் முழுப் பட்டத்தோடு வெளியேறலாம். டிப்ளமோ கதை, இரண்டாம் ஆண்டிலேயே வெளியேறுவதற்குத் தேசியக் கல்விக் கொள்கை சொன்னது. கேரளம் அந்த வாசலையே திறக்கவில்லை. நாலாம் ஆண்டு, ஹானர்ஸ் எனும் சிறப்புப் பட்டம் வேண்டுபவர்களுக்கு மட்டும்.

வேறு துறைப் பாடத்தைப் பற்றிய பயம்தான் அதிகம். காலிகட் பல்கலைக்கழகக் கணக்கைப் பாருங்கள்: மூன்று ஆண்டுக்கு 133 கிரெடிட் (பாடங்களுக்குத் தரும் அளவுப் புள்ளி). வழக்கமான ஒற்றை மேஜர் (முதன்மைப் பாடம்) வழியில் 68 மேஜருக்கு, 24 மைனருக்கு (துணைப் பாடம்). மேஜர் பாதிக்கு மேல் இருக்கும்போது பட்டம் எங்கே போகும்? கணக்கோடு பொருளாதாரம் படித்த பிள்ளைக்கு அது கூடுதல் பலம் என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம், ஆராய்ச்சியோடு கூடிய ஹானர்ஸ் எல்லாருக்கும் கிடையாது. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். நாலு ஆண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் முதுகலை இல்லாமலே பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம், பட்டியல் சாதி, பழங்குடி, வசதி மிகுந்தோர் (கிரீமி லேயர்) நீங்கலான ஓபிசி மாணவர்களுக்கு 5 சதவீதத் தளர்வும் உண்டு. முதுகலையே வேண்டுமென்றால் ஒரே ஆண்டில் முடிக்க வழி இருக்கிறது. குரல்பதிவு இதைச் சொல்லவே இல்லை.