ஒசியோலாவோட முடிஞ்ச கதை இல்ல இது

ஃப்ளோரிடாவோட பூர்வகுடி செமினோல் மக்கள், தங்கள வெளியேத்த வந்த அமெரிக்கப் படைய எதிர்த்தத பத்தின உங்க கட்டுரை நல்லா இருக்கு, ஆனா அவங்க தலைவர் ஒசியோலாவ பிடிச்சதோட எதிர்ப்பே அடங்கிடுச்சுங்கற மாதிரி முடிச்சுட்டீங்க, அத மட்டும் ஏத்துக்க முடியல. 1837 அக்டோபர்ல வெள்ளைக்கொடி பிடிச்சு பேச வந்தவர அமெரிக்க ஜெனரல் ஜெசப் ஆளுங்க வளைச்சு பிடிச்சாங்க, பச்சத் துரோகம், அடுத்த ஜனவரியிலயே காவல்லயே செத்துட்டார். ஆனா சண்ட 1842 வரைக்கும் நடந்துச்சே! 1837 நவம்பர்லயே செமினோல் தலைவர் கோவக்கூச்சியும் ஜான் ஹார்ஸும் இன்னும் கொஞ்ச பேரும் செயின்ட் அகஸ்டின் கோட்டை சிறையில இருந்து தப்பிச்சு, கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஓகிச்சோபி ஏரிக்கரையில அமெரிக்கப் படையோட நேருக்கு நேர் மோதினாங்க. இந்த ஜான் ஹார்ஸ் கறுப்பின செமினோல். அடிமைத்தனத்துல இருந்து தப்பி வந்தவங்களும் அவங்க பிள்ளைங்களும் இல்லாம இந்தப் போரே இல்ல, அவங்கள பத்தி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

பயிர், ஊரு எல்லாத்தையும் படை கொளுத்தினப்போ கூண்டின்னு ஒரு காட்டுச்செடியோட கிழங்கத் தோண்டி எடுத்து, அத அப்படியே தின்னா விஷம், அதனால இடிச்சு தண்ணில திரும்பத் திரும்ப அலசி மாவாக்கி சாப்பிட்டு எவர்கிளேட்ஸ் சதுப்புக்குள்ள குழந்தைகுட்டியோட தாக்குப்பிடிச்சிருக்காங்க, நெனச்சாலே மனசு கனக்குது. ஆயிரக்கணக்கான பேர ஓக்லஹோமா பக்கம் அனுப்புனது உண்மைதான், 1858ல இன்னொரு தலைவர் பில்லி போலெக்ஸும் அங்க போயிட்டார். ஆனா கிழத் தலைவர் அபியாக்கா கடைசிவரைக்கும் சரணடையவே இல்ல. ஃப்ளோரிடாவுலயே தங்கிட்ட சில நூறு பேரோட வாரிசுங்கதான் இன்னிக்கு அங்க இருக்கற செமினோல் மக்கள். அடுத்த கட்டுரை அபியாக்கா பத்தி எழுதுங்க ப்ளீஸ்.