இயற்கைப் பண்ணையில் மாட்டுக்கு மருந்தே கிடையாதா?

அமெரிக்காவின் இயற்கைப் பால் பண்ணைகளில் மாடு நோயில் துடித்தாலும் மருந்து தரமாட்டார்கள் என்றொரு பேச்சு சுற்றுகிறது. பாதி உண்மை, மீதி அபத்தம்.

ஆன்டிபயாடிக் கொடுத்த மாட்டின் பாலை அங்கே அதன்பிறகு இயற்கைப் பாலாக விற்கவே முடியாது. ஆனால், ‘இயற்கை’ என்ற முத்திரையைக் காப்பாற்றச் சிகிச்சையை மறுப்பதை அதே விதிகள்தான் தடை செய்கின்றன. தடுப்பூசியும் போடலாம். சிகிச்சை பெற்ற மாட்டைச் சாதாரணப் பண்ணைக்கு விற்றுவிடலாம். இயற்கைப் பாலின் கூடுதல் விலையை நம்பிச் சில மாடுகளே வைத்திருப்பவருக்கு அது பெரிய அடிதான். ஆகவே மடிநோய் வருமுன் காப்பதில் அவர் கண்ணாக இருப்பார்.

ஐரோப்பிய ஒன்றியம் இவ்வளவு கறார் இல்லை. மருந்து தரலாம், பாலை இயற்கைப் பாலாக விற்காமல் காத்திருக்கும் காலம்தான் சாதாரணப் பண்ணையைவிட இரட்டிப்பு. பன்னிரண்டு மாதத்தில் மூன்று சிகிச்சைக்கு மேல் போனால்தான் முத்திரை பறிபோகும்.