பியர்ல அட்டை வாடை வந்தா தண்ணியைத் திட்டாதீங்க!

வீட்டுலயே பியர் காய்ச்சறவங்க கேக்கறது இதுதான்: "பாஸ், பியர்ல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வருது, பெங்களூரு தண்ணி சரியில்லையா?" சாமிகளா! காவேரி தண்ணியும் போர் தண்ணியும் ஒரு பாவமும் பண்ணல. நொதிச்சு முடிஞ்ச பியரை டேப்பைத் திறந்து பாட்டில் வாயில இருந்து சலசலன்னு கொட்டினீங்களே, அப்ப கரைஞ்ச ஆக்சிஜன்தான் காரணம். பொன் நிறத்துல இருந்த ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலா இருக்கற பியர் வகை) பழுப்பாப் போறதும், ஹாப்ஸ்ங்கற பூ தர்ற வாசனை காணாமப் போறதும் அதே வேலைதான்.

ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி, ஆறின வோர்ட்டை, அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் சாறை, குலுக்கோ குலுக்குன்னு குலுக்குங்க, யாரு வேணாம்னா? அப்ப ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேணும். அதோட சரி. அப்புறம் "தெளியட்டும்"னு செகண்டரிக்கு, அதாவது இன்னொரு கேனுக்கு, மாத்தறது எதுக்கு? தினம் மூடியைத் திறந்து மோந்து பாக்கறது எதுக்கு? கேட்டா, "கார்பன் டை ஆக்சைடு கனமானது, மேல போர்வையா மூடிக் காப்பாத்தும்"னு ஒரு விஞ்ஞானம்! வாயுக்கள் ஒண்ணோட ஒண்ணு கலக்கும் ஐயா. மூடி திறந்தாச்சுன்னா போர்வையும் கிடையாது, பாயும் கிடையாது.

இன்னொரு கொடுமை, ஏர்லாக்கோட (வாயுவை வெளிய விடற, தண்ணி ஊத்தின அடைப்பான்) 20 லிட்டர் கேனை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளறது. 20 டிகிரியில இருந்து 2 டிகிரிக்கு இறங்கும்போது மேல இருக்கற வாயு சுருங்கும், கொஞ்சம் பியருக்குள்ளயும் கரையும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்காத்து உள்ள வரும், ஏர்லாக் தண்ணியும் கூடவே வரும். நொதிப்பு மும்முரமா இருக்கும்போதே ஏர்லாக்குக்குப் பதிலா ஒரு ட்யூப் மாட்டி, அதோட முனையில ஒரு ஃபாயில் பலூனை மாட்டுங்க. அதுல சேர்ற வாயுவையே கேன் திரும்ப இழுத்துக்கும். ட்ரை ஹாப்பையும் (வாசனைக்காக, கொதிக்க வைக்காம நேரா பியர்ல போடற ஹாப்ஸ்) அந்த மும்முரத்துலயே போட்டா, கூட நுழையற ஆக்சிஜனை ஈஸ்ட் தின்னுடும்.

பாட்டில்ல ஊத்த, முனையில வால்வு வெச்ச குழாய் வேணும். அடியைத் தொடணும், கீழ இருந்து மேல நிரம்பணும். 650 மில்லி பாட்டிலுக்கு 4 கிராம் சர்க்கரை, மேல 2 சென்டிமீட்டர் இடம், நுரை பொங்கி வரும்போதே மூடி. ரெண்டு வாரத்துல கேஸ் ஏறினதும் ஃப்ரிட்ஜ். ஏப்ரல் மாசம் 34 டிகிரி அடிக்கற ஊர்ல பாட்டிலைப் பரண்ல அடுக்கிட்டு, வாசனை போனதும் ஹாப்ஸ் பழசுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறீங்களே, அது எந்த ஊர் நியாயம்?

பாட்டிலுக்குப் பதிலா கெக், அதாவது பியர் பீப்பாய், வெச்சிருக்கவங்க ரொம்ப சிரிக்காதீங்க. சிலிகான் ட்யூப் சுவர் வழியாவே ஆக்சிஜன் நுழையும். ஒருதடவை பியரை மாத்தறதுக்கு ஓகே. மாசக்கணக்கா பியர் லைன்ல (கெக்ல இருந்து டேப்புக்குப் போற குழாய்) அதை மாட்டி வெச்சிருக்கறவங்களும் உங்கள்ல இருக்காங்க.