விளம்பரத்துக்குப் பழைய நிறத்தைத் திருப்பிக் கொடுங்கள்

தேடுபொறி என்றாலே பேச்சு அல்காரிதம், தரவரிசை, இப்போது ஏஐ என்றுதான் போகிறது. முடிவுகளைப் பக்கத்தில் எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பது ஏதோ ஒப்பனை வேலை மாதிரி ஒதுங்கிவிடுகிறது. எனக்கென்னவோ பாதிச் சங்கதி அங்கேதான் நடக்கிறது என்று தோன்றுகிறது.

2007இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு கூகுள் முடிவுகளைக் காட்டி, கண் எங்கே போகிறது என்று கவனித்தார்கள். சிலருக்கு மட்டும் வரிசையைத் தலைகீழாக்கி, கடைசியில் இருக்க வேண்டியதை முதலில் வைத்தார்கள். அப்போதும் மேலே இருந்தவற்றையே மாணவர்கள் அதிகம் நாடினார்கள். பொருத்தம் குறைவாக இருந்தும், இடத்தை நம்பினார்கள். நாமும் அப்படித்தான், மறுக்க வேண்டாம்.

இந்த இடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது ஒரு வழக்கில் பச்சையாகத் தெரிந்தது. 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. தன்னுடைய விலை ஒப்பீட்டுச் சேவையைப் பக்கத்தின் உச்சியில் வைத்துக்கொண்டு, போட்டிச் சேவைகளைக் கீழே தள்ளியது என்பது குற்றச்சாட்டு. ஆணையம் அப்போது சொன்ன கணக்கு: விளம்பரமல்லாத முடிவுகளுக்குக் கிடைக்கும் கிளிக்குகளில் சுமார் 95 சதவீதம் முதல் பக்கத்துப் பத்து முடிவுகளுக்கே போகிறது. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது சுமார் 1 சதவீதம். முதலிடத்தில் இருப்பதை மூன்றாம் இடத்துக்கு இறக்கினாலே கிளிக் ஏறக்குறைய பாதியாகிவிடும். திரை சின்னதாக இருக்கும் போனில் நிலைமை இன்னும் மோசம். மேல்முறையீடு ஐரோப்பிய உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 செப்டம்பரில் அபராதம் உறுதியானது.

சரி, இடத்தை விடுங்கள். எனக்கு உறுத்துவது நிறம்.

தொண்ணூறுகளின் கடைசியில் மற்ற தேடல் தளங்கள் செய்தி, வானிலை, பங்குச்சந்தை என்று முகப்பை நிரப்பி வைத்திருந்தபோது, கூகுள் வெள்ளைப் பக்கமும் ஒரு பெட்டியுமாக வந்தது. அந்த வெறுமைக்காகவே பலர் அதை நம்பினார்கள். 2000இல் எழுத்து விளம்பரங்களைத் தொடங்கிய பிறகும் பல வருஷம் மேலே வரும் விளம்பரங்களுக்குப் பின்னணியில் ஒரு வெளிர் நிறம் இருந்தது. படிக்காமலே, ஓரக்கண்ணாலேயே பிரித்துவிடலாம். பத்திரிகையில் விளம்பரத்தைச் சுற்றிக் கட்டம் போடுவார்களே, அதே வேலை.

2013 ஜூனில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. விளம்பரங்களைப் பிரித்துக் காட்டுவது மங்கிக்கொண்டே வருகிறது, பின்னணி நிறத்தை அழுத்தமாக்குங்கள் அல்லது தெளிவான கட்டம் போடுங்கள் என்றது. நடந்ததோ நேர் எதிர். கொஞ்ச நாளில் கூகுளில் பின்னணி நிறமே போய், விளம்பரம் என்று சொல்லும் 'Ad' என்ற சின்ன மஞ்சள் பட்டை மட்டும் மிஞ்சியது. 2016இல் அந்தப் பட்டை பச்சையானது, பக்கத்தில் வரும் இணைய முகவரியும் பச்சைதான். அடுத்த வருஷம் உள்ளே நிரப்பியிருந்த பச்சையும் போய், எழுத்தைச் சுற்றி வெறும் பச்சைக் கோடு மட்டும் நின்றது. 2020 ஜனவரியில் கணினித் திரையிலும் அது கறுப்பு எழுத்தாகி, மற்ற முடிவுகளுக்குத் தளத்தின் சின்ன லோகோ வரும் அதே இடத்தில் உட்கார்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே லோகோக்களை எடுத்தார்கள். பிறகு அவை திரும்பி வந்தன.

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் அற்ப மாற்றம். யாரும் கொடி பிடிக்க மாட்டார்கள். பக்கம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் சொல்லும் காரணமும் பொய்யில்லை. ஆனால் எந்த நீலத்தில் எழுதினால் அதிகம் கிளிக் விழும் என்று 41 நீலங்களைச் சோதித்த நிறுவனம் இது. நிறம் என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

2022இல் விளம்பர அறிவிப்பைத் தடித்த எழுத்தில் தனி வரியாக மாற்றியதைப் பாராட்டலாம். முன்பைவிடத் தேவலாம். ஆனாலும் படித்தால்தான் தெரியும். தேடல் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? மேய்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது இதற்கெல்லாம் மேலே ஏஐ எழுதிய சுருக்கம் வேறு. போனில் பல தேடல்களுக்கு முதல் திரை முழுக்க அதுவே. அசல் தளத்தைப் பார்க்கக் கட்டைவிரலுக்கு வேலை கொடுக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பழைய பக்கம் எங்கும் போகவில்லை. ஏஐ சுருக்கம் அமெரிக்காவில் எல்லோருக்கும் வந்த அதே 2024 மே மாதம், 'வெப்' என்று ஒரு வடிகட்டியையும் கூகுள் சேர்த்தது. அதைத் தட்டினால் சுருக்கமும் பெட்டிகளும் மறைந்து, வெறும் லிங்க் வரிசை நிற்கும். ஒருமுறை தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 'மேலும்' மெனுவைத் திறந்து தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.